கண் ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் வரையத் தொடங்குவது எப்படி? ஓவியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வலது கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டாம் நாள். பாதியில் விட்டிருந்த ஆயில் ஓவியம் ஒன்று ஈஸலிலேயே காத்திருந்தது. அந்தி நேரத்து ஆற்றங்கரை. புதிய கண்ணால் பார்த்தால் அதன் வானம் தாங்க முடியாத நீலமாக இருந்தது. இத்தனை நாள் இப்படியா பூசியிருக்கிறோம் என்று பதறிப்போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் வானம் முழுக்க யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளைக் கலந்து 'திருத்தி' முடித்தேன். இரண்டு மாதம் கழித்து அதே ஓவியத்தைப் பார்த்தபோது வானம் சேறாகக் கிடந்தது. பழைய நீலம்தான் சரியாக இருந்திருக்கிறது.

கண் ஆறுவது ஒன்று, அந்தக் கண்ணுக்கு நாம் பழகுவது இன்னொன்று. முதலாவது சில வாரங்களில் முடிந்துவிடும், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். இரண்டாவதற்குப் பல மாதங்கள்கூட ஆகலாம், அதை நாம்தான் கவனிக்க வேண்டும். ஓவியர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசையில் போகிறது: முதலில் கோடு, அப்புறம் வெளிச்சமும் நிழலும், அதற்குப் பிறகே வண்ணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பழைய ஓவியங்கள்.

இங்கே நான் சொல்லும் நாள் கணக்கெல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்த கண்புரை அறுவை சிகிச்சைக்கானது. விழித்திரை, கண் அழுத்தம், கருவிழி மாற்று போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எதுவானாலும் உங்கள் மருத்துவர் சொல்லும் நாள்தான் முடிவானது.

படி 1: ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டியவை

தேதி இன்னும் வரவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இப்போது ஒரு மணி நேரம் செலவழித்தால் பின்னால் பெரிய குழப்பம் தவிரும்.

ஒரு தடித்த வாட்டர்கலர் தாளில், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வண்ணங்கள் அத்தனையையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பூசுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே வண்ணத்தை வெள்ளை கலந்தோ நீர் விட்டோ வெளிறச் செய்து இன்னொரு கட்டம் போடுங்கள். கீழே பெயர்களை எழுதுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், மாற்றிப் பாருங்கள். எது மஞ்சளாகத் தெரிகிறது, எந்த இரண்டு கட்டங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பதைத் தாளின் பின்பக்கம் குறித்துவையுங்கள். புரை முற்றிய கண்ணுக்கு அடர் நீலமும் கறுப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். இந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் தேவைப்படும். முடிக்காத ஓவியங்களைப் பகல் வெளிச்சத்தில் புகைப்படமும் எடுத்துவிடுங்கள்.

மருத்துவரிடம், "நான் ஓவியன்" அல்லது "நான் ஓவியர்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். உள்ளே வைக்கப்போகும் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் அது முக்கியம். சில லென்ஸ்கள் தெளிவாக இருக்கும், சிலவற்றில் நீல ஒளியைக் கொஞ்சம் வடிகட்டும் இளமஞ்சள் சாயம் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் ஒரே வகை வைப்பார்களா என்று கேளுங்கள். பல தூரங்களுக்கும் பயன்படும் மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் அது வெளிச்சத்தைப் பிரித்து அனுப்புவதால் மென்மையான நிழல் வேறுபாடுகள் சற்று மங்கலாம், இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம். ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல் லென்ஸும் அதற்கேற்ற கண்ணாடியும் மேல் என்பது என் கருத்து. உங்கள் கண்ணின் நிலையைப் பார்த்து மருத்துவர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

படி 2: முதல் வாரம், பிரஷைத் தொடாதீர்கள்

பொறுமை வேண்டிய வாரம் இது. சொட்டு மருந்துதான் இப்போதைக்கு உங்கள் ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும் சொல்வதுதான். ஓவியர்களுக்குக் கூடுதலாக ஒன்று: நகங்களை ஒட்ட வெட்டுங்கள். நகக்கண்ணில் காய்ந்த பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கழுவினாலும் போகாது. ஸ்டுடியோவில் தோளில் போட்டிருக்கும் துணியால் முகம் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் துணியை இப்போதே கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். பாட்டிலின் நுனி இமையிலோ கண்ணிலோ படக் கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று ஸ்டீராய்டு சொட்டை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அதை வாரக் கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது. இரவில் தூக்கத்தில் கை போகும் என்பதால்தான் மூடி போட்டுக்கொண்டு படுக்கச் சொல்கிறார்கள். கனமான கேன்வாஸ், ஈஸல், பெட்டி எதையும் தூக்க வேண்டாம்.

வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு அதிகமானாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று மழையாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல் என்று எது தெரிந்தாலும் அப்படித்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்குள் கிருமித் தொற்று, விழித்திரை விலகல் இரண்டும் மணிக் கணக்கில் மோசமாகக்கூடியவை.

சரி, அதுவரை என்னதான் செய்வது? பாருங்கள். சுவரில் விழும் ஜன்னல் நிழல் காலையில் எங்கே விளிம்பு கூர்ந்திருக்கிறது, மாலையில் எங்கே கரைகிறது என்று கவனியுங்கள். அந்த வாரம் நான் பார்த்த ஒரு கதவின் நிழலை இன்றும் நினைவிலிருந்து வரைய முடியும்.

படி 3: இரண்டாம் வாரம், பென்சில் மட்டும்

மருத்துவர் சரி என்றதும் பென்சிலோடு தொடங்குங்கள். 4பி போல மென்மையான பென்சில், பெரிய தாள். பலகையைச் சாய்த்து வைத்தால் தலையைக் குனிய வேண்டியிருக்காது. சார்கோல், பேஸ்டல் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றின் தூள் காற்றில் மிதந்து நேராக இமைக்குள் போகும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். நீண்ட கோடுகள், வட்டங்கள், பொருள்களின் வெளிவிளிம்பு. கோடு நடுங்கினால் கவலைப்படாதீர்கள். ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் இருக்கும்போது ஆழம் கணிப்பது தடுமாறும். பென்சில் நுனி தாளைத் தொட்டதா இல்லையா என்றே சில நேரம் தெரியாது. சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டு வரையுங்கள். ஈஸலில் நின்று வரைபவர்கள் கையை ஊன்றிக்கொள்ள உதவும் மால்ஸ்டிக் என்ற கோலை வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் நுனியில் துணி சுற்றிய நீளக் குச்சியே போதும்.

இரண்டு மூன்று நாள் போனபின் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்களில் நிழல் ஏணி ஒன்று போடுங்கள். புதிய கண்ணுக்கு வெளிர் பக்கத்தில் வித்தியாசங்கள் பளிச்சென்று தெரியும். புரை இருந்த காலத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்ததெல்லாம் இப்போது மூன்றாகப் பிரியும். எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்த பகுதி இதுதான்.

இமைக்க மறக்காதீர்கள். உற்றுப் பார்த்து வேலை செய்யும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அறுவை சிகிச்சையின்போது கருவிழியின் மெல்லிய நரம்புகள் வெட்டுப்படுவதால் ஏற்கெனவே கண் உலர்ந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள், நிதானமாக இமையுங்கள். மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். செயற்கைக் கண்ணீர் சொட்டு விடலாமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: அறையைச் சரிசெய்தல்

புதிய லென்ஸ் முன்பைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், கண் கூசும். விளக்கை எதிரே வைக்காமல் தோளுக்குப் பின்னிருந்து, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கமாக வரும்படி வையுங்கள். 5000 கெல்வின் அளவில், சிஆர்ஐ (வண்ணங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆறு மாதத்துக்கு அதை மாற்றாதீர்கள். கண் மாறிக்கொண்டிருக்கும்போது விளக்கும் மாறினால் எது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பளபளக்கும் வெள்ளைப் பேலட்டை ஒதுக்கிவிட்டு மங்கிய சாம்பல் நிறப் பேலட் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை கேன்வாஸ் கூசினால் மெல்லிய சாம்பலோ பழுப்போ முதலில் பூசிவிடலாம்.

டர்பென்டைன், ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவ், வார்னிஷ், ஜெஸ்ஸோவை (கேன்வாஸில் முதலில் பூசும் அடிப்பூச்சு) உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஆகிய நான்கும் ஒரு மாதத்துக்காவது அந்த அறைக்குள் வரக் கூடாது. பிரஷ் கழுவும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நாள் கணக்கில் நின்ற பெயின்ட் தண்ணீரில் கிருமி வளரும், அந்தக் கை கண்ணுக்குப் போகும். பிரஷை உதறும் பழக்கம் இருந்தால் சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வண்ணத்துக்குத் திரும்புதல்

முதலில் ஏன் இப்படித் தெரிகிறது என்று புரிந்துகொள்வோம். வயது ஏற ஏற நம் கண்ணின் இயற்கை லென்ஸ் மஞ்சளாகும், பழுப்பாகும். அது நீல ஒளியைத் தடுக்கும். இது ஆண்டுக் கணக்கில் நடப்பதால் மூளை அதை ஈடுகட்டி, வெள்ளையை வெள்ளையாகவே காட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று அந்த மஞ்சள் வடிகட்டியை எடுத்துவிட்டால் நீலம் கொட்டுகிறது. மூளையோ பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது. புதிய கணக்குக்கு மாற அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வேண்டும்.

ஓவியர் க்ளாட் மோனே இதை முழுமையாக அனுபவித்தவர். 1912ல் அவருக்குக் கண்புரை என்று தெரிந்தது. பல ஆண்டுகள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். வண்ணத்தைக் கண்ணால் நம்ப முடியாமல், டியூபில் ஒட்டிய பெயரையும் பேலட்டில் அது இருக்கும் இடத்தையும் நம்பி வரைந்தார். அந்தக் காலத்து ஓவியங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கிடக்கும். 1923ல், 82 வயதில், வலது கண்ணில் மட்டும் புரை எடுத்துக்கொண்டார். பிறகு எல்லாம் ஒரு சமயம் மஞ்சளாக, இன்னொரு சமயம் நீலமாகத் தெரிகிறது என்று நொந்துபோனார். சாயம் ஏற்றிய கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு லென்ஸை எடுத்தால் எடுத்ததுதான், உள்ளே வேறொன்று வைக்கும் வழியே இல்லை. செயற்கை லென்ஸை முதன்முதலில் ஹரால்ட் ரிட்லி லண்டனில் பொருத்தியது 1949ல். நமக்கு அந்த வசதி இருக்கிறது. ஆனால் மோனேயின் இரண்டு கண்களும் இரண்டு விதமாகச் சொன்ன அந்தக் குழப்பம் நமக்கும் உண்டு, குறிப்பாக ஒரு கண் முடிந்து மறு கண் காத்திருக்கும் இடைவெளியில்.

அதனால் நான் செய்த வரிசை இது. நான்காம் வாரம் ஒரே வண்ணம், வாட்டர்கலரில் பர்ன்ட் அம்பர் மட்டும். ஒரு வெள்ளைக் கோப்பையை இடது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, வலது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண் எதைக் காட்டுகிறது, எதை விழுங்குகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் இரண்டு வண்ணங்கள்: அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும். வாட்டர்கலரோடு அக்ரிலிக்கும் இந்தக் கட்டத்தில் சரிதான்.

இந்த இரண்டு வண்ணங்களை வைத்து ஒரு சோதனை செய்யலாம். என்னை மீட்டது இதுதான். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல், மனதில் தோன்றும் நடுநிலைச் சாம்பலை இந்த இரண்டு வண்ணங்களிலிருந்து கலந்து ஒரு கட்டம் பூசுங்கள். காய்ந்தபின் அட்டையின் அருகில் வையுங்கள். நீலத்தை அதிகமாகப் பார்க்கும் கண், நீலம் இது போதும் என்று சீக்கிரமே நிறுத்திவிடும். அதனால் உங்கள் சாம்பல் அட்டையைவிடப் பழுப்பாக வரும். தேதி போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே விளக்கில் செய்யுங்கள். அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கலந்தால் சோதனை வீணாகிவிடும், ஏனென்றால் ஒப்பிடும்போது கண்ணின் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாகவே விழும். நினைவிலிருந்து கலப்பதுதான் முக்கியம். எனக்கு முதல் நான்கு கட்டங்கள் துருப்பிடித்த நிறத்தில் இருந்தன. ஒன்பதாவது கட்டம் ஏறக்குறைய அட்டையோடு ஒட்டியது. தொடர்ந்து மூன்று வாரம் ஒட்டினால், முழுப் பேலட்டையும் எடுக்கலாம்.

முதலில் போட்ட வண்ண அட்டையை இப்போது எடுத்துப் பாருங்கள். ஊதாவும் நீலமும் எத்தனை விதம் என்று தெரியும்.

படி 6: கண்ணாடி, டேப்போடு போங்கள்

கண் நிலைபெற்று, கண்ணாடிக்கு அளவு எடுக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பலர் அப்போது 'படிக்கும் கண்ணாடி' என்று ஒன்றை வாங்கிக்கொண்டு ஈஸல் முன் நின்று, எதுவும் தெளிவாக இல்லையே என்று தவிப்பார்கள். கண்ணாடியில் குறையில்லை, அது வேறு தூரத்துக்கானது.

கணக்கு எளிது. தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்த கண்ணுக்கு, 100ஐ சென்டிமீட்டர் தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை பவர் கூட்ட வேண்டும் என்று வரும். புத்தகம் படிக்கும் 40 செ.மீ. தூரத்துக்கு +2.50. கை நீட்டி வரையும் 67 செ.மீ. தூரத்துக்கு +1.50. சற்றுத் தள்ளி நின்றால், 80 செ.மீ.க்கு +1.25. ஆக +2.50 போட்டுக்கொண்டு ஈஸலைப் பார்த்தால் மங்கத்தான் செய்யும்.

வரையும் நிலையில் நில்லுங்கள். யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி மூன்று தூரங்களை அளந்து எழுதுங்கள்: கண்ணிலிருந்து கேன்வாஸ், கண்ணிலிருந்து பேலட், கண்ணிலிருந்து ஸ்கெட்ச் புத்தகம். எனக்கு 70, 55, 38 என்று வந்தது. அந்தத் தாளைக் கண்ணாடி அளவு எடுப்பவரிடம் கொடுத்து, கேன்வாஸ் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி கேளுங்கள். மேலிருந்து கீழே படிப்படியாகப் பவர் மாறும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடியில் நடுத்தூரத்துக்கான பகுதி குறுகலான பட்டையாக இருப்பதால், பெரிய கேன்வாஸைப் பார்க்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழு லென்ஸும் ஒரே பவராக இருந்தால் மூலை வரை தெளிவாக இருக்கும். லென்ஸில் எந்தச் சாயமும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 7: வேறு அறுவை சிகிச்சைகள் என்றால்

விழித்திரை விலகலுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே வாயுக் குமிழ் வைத்திருந்தால், சில நாட்கள் முகம் குப்புற இருக்கச் சொல்வார்கள். அந்த நிலை மாறாமல் இருப்பதுதான் அப்போதைய வேலை, ஓவியம் காத்திருக்கட்டும். குமிழ் கரைய வாயுவைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை விமானப் பயணம் கூடாது. குமிழ் சுருங்கச் சுருங்க ஒரு நீர்மட்டக் கோடு பார்வையில் மேலிருந்து கீழே இறங்கும், தலையை அசைத்தால் ஆடும். அனுமதி கிடைத்தபின் அதையே தினமும் வரைந்துவையுங்கள். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1930ல் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தபோது, தன் கண்ணில் தெரிந்த வளையங்களையும் கரும்புள்ளிகளையும் மாதக் கணக்கில் வரைந்து பதிவு செய்தார். பிறகும் நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் கட்டக் கோடு போட்ட தாளில் எங்கே வளைகிறது என்று குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வரையும்போது நேர்கோட்டுக்கு ஸ்கேல் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

கண் அழுத்தத்துக்கான ஆபரேஷன் என்றால் குனிவதும் தூக்குவதும் இன்னும் நீண்ட நாள் தள்ளிப்போகும். தரையில் தாள் விரித்து வரைபவர்கள் மேசைக்கு மாற வேண்டும். கருவிழி மாற்று என்றால் பார்வை நிலைபெற ஓராண்டுகூட ஆகலாம், தையல் எடுக்க எடுக்க பவர் மாறும். தனிக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்களுக்கு வண்ணம் மாறாது, உலர்ச்சிதான் மாதக் கணக்கில் படுத்தும்.

எதிர்பார்த்த அளவு பார்வை திரும்பாதவர்களும் உண்டு. வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் நடந்த கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்வையை முழுவதுமாக இழந்தார். அதன் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், களிமண்ணில் உருவங்கள் செய்தார், ஓடுகளில் ஒரு பெரிய சுவரோவியமும் படைத்தார். கை தன் நினைவை வைத்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

படி 8: ஆயிலும் பழைய கேன்வாஸ்களும்

மருத்துவர் சொட்டு மருந்தையெல்லாம் நிறுத்தி, சாம்பல் கட்டங்களும் ஒட்ட ஆரம்பித்தபின் ஆயிலுக்குப் போகலாம். ஜன்னலைத் திறந்துவையுங்கள். பிரஷ் கழுவ டர்பென்டைனுக்குப் பதிலாகச் சோப்பும் சமையல் எண்ணெயும் போதும். நீரில் கரையும் ஆயில் வண்ணங்களும் கிடைக்கின்றன.

பழைய ஓவியத்தை மட்டும் இரண்டு கண்ணும் முடிந்து குறைந்தது மூன்று மாதம் தொடாதீர்கள். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது, ஆபரேஷனுக்கு முன் எடுத்த புகைப்படத்தோடு வைத்துப் பாருங்கள். எதையாவது மாற்றத் தோன்றினால் அதை முதலில் ஒரு தனித் தாளில் பூசி, பக்கத்தில் நிறுத்தி, ஒரு வாரம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எல்லாம் மறுபடி பனி மூடியதுபோல் ஆனால், புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், கை போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறையின் பின்பக்கம் மங்கியிருக்கலாம். சில நிமிட லேசர் சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் சாம்பல் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

என் ஆற்றங்கரை ஓவியத்தில் பூசிய ஆக்கர் நன்றாகக் காய்ந்துவிட்டது. சுரண்டினால் கீழே இருக்கும் நீலமும் சேர்ந்து வரும். இரண்டாவது கண் முடிந்து நான்காம் மாதம், அதே அளவில் புதிய கேன்வாஸ் ஒன்றை எடுத்து, பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் குத்திவைத்து, வானத்திலிருந்து தொடங்கினேன்.